உறைக்காத சிவப்பு மிளகாய்

வெம்பிளி ஈலிங் றோட் பக்கம் நீண்ட சிவப்பு மிளகாயைக் கண்டதும், உறைக்குமென்று விலகிப்போனவர்களில் நாமும் அடக்கம். 'றொமானோ' எனப்படும் இது, எமது ஊர்க் கறிமிளகாயின் உறவு, பழுத்தது, இனிப்பானது. உறைப்பைத் தரும் கப்சைசின் இதில் இல்லையென்றே சொல்லலாம்.

தோல் மெல்லியது. பால்கறிக்கு இறக்கும் நேரத்தில் போட்டால் போதும், முந்தினால் களியாகிவிடும். ரின்மீனும் கிழங்கும் பிரட்டி, உள்ளே அடைத்து ஒவனில் வைக்கலாம்.

எமக்குப் பிடித்தது சம்பல்தான். காஸ் அடுப்பில் தோல் கருகச் சுட்டு, உரித்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப்புளியோடு அரையுங்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குப் பழகி, எங்கள் கறிக்கு முகம் சுழித்த பிள்ளைகள் இதோடு புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஒரு கவனம்: சுருங்கிய குட்டிச் சிவப்பு 'ஸ்கொட்ச் பொனெற்' வேறு. அது கொச்சிக்காயையும் வென்றுவிடும்.