குளிருக்கு மட்டும் அளவு இல்லை

புது தில்லி: வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி எத்தனை டிகிரியில் இயங்க வேண்டும் என்பதில் மத்திய அரசு தெளிவாக இருக்கிறது. 2020 ஜனவரி முதல் 24 டிகிரியே அதன் தொடக்க அளவு. 20 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும் யோசனையும் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஒரு வீட்டின் உட்புறம் எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதை மட்டும் அரசு சொல்லவில்லை.

குளிர்ப் பகுதிகளுக்கு 18 டிகிரி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு மத்திய அரசு வகுத்த 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' கட்டட விதிகளோ 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கே பொருந்தும். ஏற்பதும் மாநிலங்களின் விருப்பம். ஒற்றை அறைக் கதவை அடைத்து, 'அங்கீட்டி' எனப்படும் கரியடுப்பை மூட்டி உறங்கும் குடும்பங்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2024 ஜனவரியில் தில்லி அலிப்பூர் பகுதியில் தம்பதியும் இரு குழந்தைகளும் அவ்வாறுதான் உயிரிழந்தனர்.

சந்திரகிரி ராஜமஹாலை மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணச்சாந்து கொண்டு எழுப்பினர். அத்தகைய கனத்த சுவர் பகல் வெப்பத்தை இரவிலும் காக்கும். தகரக் கூரை காக்காது. அரசு நிதியில் எழும் ஏழைகளின் வீடுகளுக்கேனும் சுவர், கூரைத் தரத்தைக் கட்டாயமாக்குவதே நியாயம். இதை உறுப்பினர்கள் அவையில் எழுப்பலாம். ஆனால், குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. தில்லியின் கடுங்குளிர் அதன் பிறகுதான்.