வாக்குகளை எண்ணுவோர் மக்களை எண்ணுவார்களா?

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் வீட்டு வாசலுக்கு வருபவர்கள் பலர். "அக்கா, நம்ம வீட்டுல எத்தனை ஓட்டு?" என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டு போகிறவர் ஒருவர். "உங்கள் எம்.எல்.ஏ. செயல்பாடு எப்படி? மறுபடியும் அவருக்கே வாக்களிப்பீர்களா?" என்று அலைபேசியைத் தட்டியபடியே கேட்கும் இளைஞர் இன்னொருவர். உரிமையோடு உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு, "நம்ம ஆளுதானே நிக்கிறாரு, பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் உறவினர் மூன்றாமவர். இந்த மூவருக்கும் தொடர்பே இல்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இவர்கள் ஒரே வேலையைத்தான் பகிர்ந்து செய்கிறார்கள்.

நம் வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த திருவண்ணாமலை, இந்தப் புதிய தேர்தல் முறைக்கு ஒரு தொடக்க இடமாகவே அமைந்தது. 2021 ஜனவரி 29 அன்று, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின், 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' என்ற பரப்புரைப் பயணத்தை இங்கிருந்துதான் தொடங்கினார். மக்கள் தங்கள் குறைகளை மனுவாக எழுதிக் கொடுத்தனர். மனுக்கள் பெட்டியில் இடப்பட்டு, பெட்டி பூட்டப்பட்டது. ஆட்சிக்கு வந்தால் 100 நாள்களில் தீர்வு என்பது வாக்குறுதி. அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கு உத்தி வகுத்துக் கொடுத்தது பிரசாந்த் கிஷோரின் ஐ-பேக் நிறுவனம். அ.தி.மு.க. அரசும் சும்மா இருக்கவில்லை. குறைகளைத் தெரிவிக்க 1100 என்ற உதவி எண்ணை 2021 பிப்ரவரியில் தொடங்கியது. ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு நடந்தது. மே 7 அன்று முதல்வராகப் பதவியேற்ற ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் 5 கோப்புகளில் ஒன்று, அந்த மனுக்களைக் கவனிக்கத் தனித் துறை அமைப்பது பற்றியது.

இதை நாம் எப்படிப் பார்ப்பது? பட்டா கிடைக்காத விதவைத் தாய்க்கு ஒரு மனுப்பெட்டி நம்பிக்கையின் பெட்டிதான். அதை ஏளனம் செய்வது சரியன்று. ஆனால் அதே பெட்டி, எந்தத் தெருவில் என்ன குறை, யார் வீட்டில் என்ன ஏக்கம் என்று கட்சிக்குச் சொல்லும் தகவல் பெட்டியும் ஆகும். மனுக் கொடுத்தவரைக் குடிமகனாகப் பார்ப்பதா, வாக்காகப் பார்ப்பதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வாக்காளர் பட்டியலில் நம் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் ஆகியவை இருக்கும். சாதியோ மதமோ அதில் கிடையாது. ஆனால் எந்தக் கட்சியின் வாக்குச்சாவடிப் பொறுப்பாளரும் அந்தப் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் அவற்றையும் எழுதிக்கொள்ள முடியும். 'உறுதி', 'சந்தேகம்', 'எதிர்' என்று குறியிடவும் முடியும். 'சந்தேகம்' என்று குறிக்கப்பட்ட வீட்டுக்கு யார் போனால் காரியம் நடக்கும் என்பது அடுத்த கேள்வி. சம்பந்தியா, சுயஉதவிக் குழுத் தலைவியா, உடன்படித்தவரா? நம் வீடென்றால், அன்பியப் பொறுப்பாளரா, பங்குப்பேரவை உறுப்பினரா? கருத்துக்கணிப்பு வீட்டைக் காட்டுகிறது. தனிப்பட்ட உறவு கதவைத் திறக்கிறது.

கருத்துக்கணிப்பே தவறு என்று நாம் சொல்லவில்லை. சென்னை இலயோலாக் கல்லூரியிலிருந்து வந்த தேர்தல் ஆய்வுகளை ஆவலோடு படித்தவர்கள்தானே நாம்! நேர்மையாக எடுக்கப்படும் ஆய்வு மக்களின் மனநிலையை அறிய உதவும். ஆனால் அது இறைவாக்கு அன்று. 2016-இல் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பலவும் தி.மு.க. வெல்லும் என்றன, அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. கூட்டணி 350 இடங்களைத் தாண்டும் என்றார்கள், கிடைத்தது 293. கணிப்பவர்களுக்குப் பிடிபடாத ஓர் இடம் வாக்காளரின் மனதில் இன்னும் இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் நாம் மனச்சான்று என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த மனச்சான்றை விலைக்கு வாங்கும் முயற்சியையும் நம் மறைமாவட்டம் கண்டது. 2019 ஏப்ரலில் நடக்கவேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல், பணப்பட்டுவாடாப் புகாரால் நிறுத்தப்பட்டு, ஆகஸ்டு 5 அன்றுதான் நடந்தது. வீட்டு விவரம் துல்லியமாகக் கையில் இருந்தால், பணத்தையும் துல்லியமாகக் கொண்டுசேர்க்கலாம் என்பதை நாம் மறக்கக்கூடாது. விவரங்களைக் கொடுப்பதிலும் கவனம் தேவை. 2025 ஜூலையில் தி.மு.க.வின் 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையில் அலைபேசி ஓ.டி.பி. எண் பெறுவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இலேயே தீர்ப்பளித்துள்ளது.

உறவைச் சொல்லி ஆதரவு தேடுவது புதிதன்று. நீதித் தலைவர்கள் நூலின் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிதியோனின் மகன் அபிமெலக்கு, தன் தாயின் ஊரான செக்கேமுக்குப் போய், தான் அவர்களுடைய எலும்பும் சதையும் என்பதை நினைவூட்டி ஆதரவு கேட்டான். 'நம் உறவினன்' என்று அவர்களும் மனம் சாய்ந்தார்கள். கோவிலிலிருந்து 70 வெள்ளிக்காசு எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் அவன் வீணரைக் கூலிக்கு அமர்த்தி, தன் சகோதரர்களையே கொன்று குவித்தான். மூன்று ஆண்டுகளுக்குப் பின், தன்னை அரசனாக்கிய அதே செக்கேமை அழித்து உப்பைத் தூவினான். முட்புதரை அரசனாக்கிய மரங்களின் கதையை யோத்தாம் சொன்னது இதற்காகத்தான். 'நம்ம ஆள்' என்ற ஒரே காரணம் போதும் என்று முடிவெடுத்த ஊருக்கு நேர்ந்த கதி இது.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தனர். மலையடிவாரத் தெருக்களுக்கும் வாக்குக் கேட்டு எல்லாக் கட்சியினரும் போகிறார்கள். அங்கு எத்தனை வாக்குகள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் பாறைக்குக் கீழே குடியிருப்பது எவ்வளவு ஆபத்து, அவர்களுக்குப் பாதுகாப்பான மாற்று இடம் எங்கே என்ற கேள்விகள் எந்தக் கணிப்புத் தாளில் இடம்பெறும்? அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்காவிட்டால், நாம்தான் கேட்கவேண்டும்.

பொதுநலனை வளர்க்கும் வகையில் உரிமையோடு வாக்களிப்பது குடிமக்களின் கடமையும் ஆகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டில் கற்பிக்கிறது. ஆகவே அடுத்த முறை நம் வாசலுக்கு வருபவரிடம், "எங்கள் வீட்டில் 4 ஓட்டு" என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், "எங்கள் தெருவில் இன்ன குறை; இதற்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்போம். உறவினரை அன்போடு உபசரிப்போம். வாக்கை மனச்சான்றுக்கு விட்டுவைப்போம். அன்பியக் கூட்டங்களை எந்தக் கட்சியின் கணக்கெடுப்புக்கும் கொடுக்காமல், ஊர்க் குறைகளைச் சேர்ந்து பேசும் இடமாக ஆக்குவோம்.

நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். திருடனும் ஆடுகளைத் தேடித்தான் வருகிறான். இருவரையும் வேறுபடுத்தி அறிய, குரலைக் கவனித்துக் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். சிந்திப்போம், செயல்படுவோம்.