இரண்டு கையிலும் பாருங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும்:

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையில் பிரஷர் பார்த்துக்கொள்பவர்களும், பார்த்துவிடும் செவிலியர்களும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகள் இவை.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபின் பிரஷர் கருவி வீட்டு வாசலுக்கே வருகிறது. அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் நோட்டில் ஏறுவது ஒரே ஒரு அளவு. அது எந்தக் கையில் எடுத்தது? மேசை எந்தப் பக்கம் கிடந்ததோ அந்தப் பக்கத்துக் கை. முக்கூடலில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அக்கா, வேலை கெடாத கையைத்தான் நீட்டுவார்.

முதல் கோரிக்கை, முதன்முறை பார்க்கும்போது இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பார்க்க வேண்டும். நாலைந்து புள்ளி முன்பின் இருப்பது இயல்பு. மேல் அளவில் 10க்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்பவும் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், குறைவாகக் காட்டும் கைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம், டாக்டரிடம் அனுப்புங்கள். 24 ஆய்வுகளில் இருந்த சுமார் 54,000 பேரின் விவரங்களைத் திரட்டி 2020இல் வெளியான ஆய்வு, வித்தியாசம் ஏற ஏற இதயநோய் ஆபத்தும் ஏறுவதைக் காட்டியது. பீடி குடிப்பவர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

இனிமேல் கூடுதலாகக் காட்டும் கையே கணக்கு. ஒருவருக்கு இடது கையில் 128, வலது கையில் 150 என்று வையுங்கள். இடதை மட்டும் எழுதினால் ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஆகவே சீட்டில் வலது, இடது என்று இரண்டு கட்டம் அச்சிடுங்கள். மை செலவுதான்.

டயாலிசிஸுக்கு ஃபிஸ்துலா போட்ட கையிலும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையிலும் பிரஷர் பட்டை கட்டக் கூடாது. அதைச் சீட்டின் தலைப்பிலேயே சிவப்பு மையில் எழுத வேண்டும்.

நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கிழிப்பதுபோல் வலி, கைகளுக்கிடையே 20க்கு மேல் வித்தியாசம் என்றால் மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டர் போல இருக்கும். வரிசையில் நிறுத்தாமல் உடனே 108ஐக் கூப்பிட எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் எழுத்தில் உத்தரவு வேண்டும்.

ஓ.பி. வரிசை வாசல் தாண்டும்போது ஒரே சிஸ்டர் இரண்டு கையும் பார்ப்பது சாத்தியமில்லை. காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். பருத்த கைக்கும் மெலிந்த கைக்கும் தனித்தனிப் பட்டை கொடுங்கள்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும்போது இரண்டு கையையும் நீட்டுவோம். எழுதிக்கொள்ளுங்கள், சிஸ்டர்.