தன் ஜேர்சியை விற்றவன் கள்ளனா?



எங்கள் பாடசாலையின் உயர்தர மாணவர் விவாதத்துக்கு நாங்கள் கொடுத்த தலைப்பு ஊரில் சிலருக்குப் பிடிக்கவில்லை. "காசு உழைக்கக் கூடாது என்ற விதியை மீறிய அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது சரியா?" என்பதுதான் தலைப்பு. சரியில்லை என்று வாதிட்ட அணி வென்றது. அன்றிரவே வட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. "விதியை மீறினாலும் பரவாயில்லை என்று சேர்மார் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள்" என்றார் ஒருவர். "களவு களவுதான், இதில் என்ன விவாதம்?" என்றார் இன்னொருவர்.

பெற்றோருக்குக் கேட்க உரிமை இருக்கிறது. பதில் சொல்ல எங்களுக்குக் கடமை இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறோம்: பிள்ளைகள் சொன்னதுதான் சரி. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு பின்னேரத்துப் பொழுதுபோக்கு அல்ல, பெரும் வியாபாரம். அவர்களுடைய ஃபுட்போலுக்கு (நமது உதைபந்தாட்டம் அல்ல, றகர் போல முட்டைப் பந்தில் ஆடுவது) ஒரு இலட்சம் பேருக்கு மேல் கொள்ளும் மைதானங்கள் சில பல்கலைக்கழகங்களிடம் இருக்கின்றன. இந்த விளையாட்டுகளை ஆளும் சங்கத்துக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். மார்ச் மாதத்தில் நடக்கும் கூடைப்பந்தாட்டத் தொடரின் தொலைக்காட்சி உரிமையை 2010இல் அந்தச் சங்கம் 14 ஆண்டுகளுக்கு விற்றது. விலை 10.8 பில்லியன் டொலர். பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்றுவிப்பாளர்கள் ஆண்டுக்குப் பல மில்லியன் டொலர் சம்பளம் எடுக்கிறார்கள். பல மாநிலங்களில் அரச சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழக அணியின் பயிற்றுவிப்பாளர்.

விளையாடுகிற பிள்ளைக்கு என்ன? புலமைப்பரிசில், தங்குமிடம், சாப்பாடு. 2021 வரை நிலைமை ஏறக்குறைய அவ்வளவுதான். தன் கையொப்பத்தை விற்கக் கூடாது. விளம்பரத்தில் நின்று காசு வாங்கக் கூடாது. தனக்குக் கிடைத்த பரிசுப் பொருளையும் விற்கக் கூடாது. மீறினால் தடை, அவமானம், பத்திரிகையில் தலைப்புச் செய்தி. இதற்கு அவர்கள் வைத்த அழகான பெயர் "அமெச்சூர்" ஒழுக்கம். காசுக்காக அல்ல, விளையாட்டின் மீதுள்ள அன்புக்காக ஆடுவதாம். அந்த அன்பு மைதானத்தில் ஆடுகிறவனிடம் மட்டும் எதிர்பார்க்கப்பட்டது. டிக்கட் விற்கிறவரிடமும் சம்பளம் எடுக்கிறவரிடமும் யாரும் கேட்கவில்லை.

இனி "கள்ளர்கள்" யாரென்று பார்ப்போம்.

ஜோர்ஜியா பல்கலைக்கழக வீரர் ஏ. ஜே. கிரீன், போட்டியில் தான் அணிந்த ஜேர்சியை 1,000 டொலருக்கு விற்றார். 2010இல் நான்கு போட்டிகள் தடை. ஜோர்ஜியா அணியின் ஜேர்சிகளைக் கடைகளில் விற்பதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஐந்து வீரர்கள் மாட்டினார்கள். தங்கள் மோதிரங்களையும் ஜேர்சிகளையும் விற்றது, மலிவு விலையில் பச்சை குத்திக்கொண்டது ஆகியவைதான் குற்றம். ஐந்து போட்டிகள் தடை. ஆனால் அந்தத் தடை அடுத்த பருவத்தில்தான் தொடங்கும் என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் சுகர் போல் என்ற பெரும் வருமானப் போட்டி இருந்தது. அதில் அந்த "குற்றவாளிகள்" ஆட அனுமதிக்கப்பட்டார்கள். குற்றம் உண்மையிலேயே அவ்வளவு பெரிதென்றால் அன்றைக்கே அல்லவா வெளியே நிறுத்தியிருக்க வேண்டும்?

ரெஜி புஷ் பற்றியும் கேளுங்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழக வீரர். 2005ஆம் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றவர். அவரும் குடும்பத்தினரும் வெளியாரிடமிருந்து பணமும் சலுகைகளும் பெற்றார்கள் என்று 2010இல் தீர்ப்பானது. விருது பறிபோனது. பல்கலைக்கழகம் அவரோடு தொடர்பே வைக்கக் கூடாது என்று பத்து ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டார். அதே அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பீட் கரோல், தண்டனை வருவதற்குச் சில மாதங்கள் முன்பே தொழில்முறை அணியொன்றில் பதவி ஏற்றுப் போய்விட்டார். பல்கலைக்கழகம் அந்த ஆட்டங்களில் ஈட்டிய வருமானத்தை வீரர்களுக்குப் பகிரவும் இல்லை. 2024 ஏப்ரலில் விருதை ரெஜி புஷ்ஷிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 14 வருடங்கள் அவர் பெயரோடு ஒட்டியிருந்த கறையை யார் திருப்பி எடுப்பது?

இப்போது குரல் பதிவுகளில் வந்த கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது: "விதி என்று தெரிந்துதானே கையொப்பமிட்டார்கள்? ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை இல்லையா?"

நல்ல கேள்வி. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்குர்ஆன் கட்டளையிடுகிறது. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முஸ்லிம்கள் தம் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று வரும் ஹதீஸிலேயே, ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனைக்கு விதிவிலக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. முதல் பாதியை மட்டும் குரல் பதிவில் போடுவது நியாயமில்லை. இந்த விடயத்துக்கு அது பொருந்துமா என்று பத்வா சொல்வது எங்கள் வேலையல்ல, உலமாக்களிடம் கேளுங்கள். நாங்கள் சொல்வது பொது நியாயம். 17, 18 வயதுப் பிள்ளை. அவன் ஃபுட்போலில் திறமைசாலி என்றால், பாடசாலை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகும் வரை தொழில்முறைச் சங்கம் அவனை எடுக்காது. இடைப்பட்ட காலத்துக்குப் பெரிய வாசல் ஒன்றுதான், அது பல்கலைக்கழகம். எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒன்றுகூடி ஒரே விதியை வைத்திருந்தன. பேரம் பேச இடமில்லை. சந்தையில் உள்ள முதலாளிமார் எல்லாரும் கூடி "இவ்வளவுக்கு மேல் எவனுக்கும் கூலி கொடுப்பதில்லை" என்று முடிவெடுத்தால் அதை நாம் ஒப்பந்தம் என்றா சொல்வோம்?

இது எங்கள் கற்பனை அல்ல. 2021 ஜூன் மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.க்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். கல்வி சார்ந்த சலுகைகளுக்கு அது வைத்த வரம்பு வர்த்தகப் போட்டிச் சட்டத்துக்கு முரண் என்பதே தீர்ப்பு. நீதிபதி கவனோ தனியாக எழுதிய உரையில், வேறெந்தத் தொழிலிலும் இப்படிச் செய்தால் சட்டம் பொறுக்காது என்ற கருத்தைச் சொன்னார். இவர் பழமைவாத நீதிபதி. தொழிற்சங்கத் தலைவர் அல்ல.

இரண்டாவது: "இலவசமாகப் படிப்புக் கொடுத்தார்களே, அது கூலி இல்லையா?"

படிப்பு பெரிய நிஃமத். ஆசிரியர்களான நாங்கள் அதைக் குறைத்துப் பேசுவோமா? ஆனால் இசையில் புலமைப்பரிசில் பெற்ற மாணவன் வார இறுதியில் கச்சேரி செய்து காசு வாங்கலாம். கணிதத்தில் பெற்றவன் வகுப்பு எடுத்து உழைக்கலாம். விளையாட்டில் பெற்றவனுக்கு மட்டும் தன் திறமையால் உழைப்பது குற்றமாக்கப்பட்டது. 2014இல் கனெக்டிகட் அணி தேசியக் கிண்ணத்தை வென்ற நாட்களில், அதன் நட்சத்திர வீரர் ஷபாஸ் நேப்பியர் சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாகச் சொன்னார். நாடு முழுவதும் கேட்டது. சில நாட்களில் சாப்பாட்டு வரம்பைத் தளர்த்தினார்கள். பில்லியன் கணக்கில் காசு புழங்கும் தொடரின் வெற்றிவீரன் பசியைச் சொல்லித்தான் சோறு கேட்க வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் கரீம் அப்துல் ஜப்பார். 1960களின் இறுதியில் மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குத் தேசியக் கிண்ணம் வென்று கொடுத்தவர். அங்கு படிக்கும்போதே இஸ்லாத்தைத் தழுவியவர். பல்கலைக்கழகத்துக்குத் தாங்கள் பெரும் பணம் ஈட்டிக் கொடுத்த காலத்தில் தன் கையில் காசே இருக்கவில்லை என்று 2014இல் எழுதினார். இன்றைய வீரர்களுக்கு நியாயமான பங்கு வேண்டும் என்பதே அவர் வாதம். உழைப்பவனின் கூலியைத் தாமதிப்பதையே கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. கூலியை முற்றாகத் தடுத்து, அதற்கு ஒழுக்கம் என்று பெயரும் வைத்தவர்களைப் பற்றி நம் குரல் பதிவுகளில் ஒரு வார்த்தையாவது வந்ததா?

மூன்றாவது: "இதை விட்டால் எல்லாக் களவையும் நியாயப்படுத்தலாமே?"

இல்லை. விவாதத்தில் பிள்ளைகள் மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய இடம் இதுதான். 1950இல் நியூயோர்க் சிட்டி கல்லூரி அணி நாட்டின் இரண்டு பெரிய கூடைப்பந்தாட்டக் கிண்ணங்களையும் வென்றது. அடுத்த ஆண்டு அதன் வீரர்கள் சிலர் கைதானார்கள். சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு புள்ளிகளைக் குறைத்து ஆடியதுதான் காரணம். அது களவு. அணியையும் எதிரணியையும் பார்க்க வந்தவரையும் ஏமாற்றியது. விற்கப்பட்டது அவர்களுடைய பொருள் அல்ல, மற்றவர்களின் நம்பிக்கை, ஓர் அமானிதம். அதை நாங்கள் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் தன் ஜேர்சியை, தன் கையொப்பத்தை விற்றவன் யாருடைய பொருளை எடுத்தான்? யாரை ஏமாற்றினான்? இரண்டையும் ஒரே தராசில் போடுகிறவர் கண்டிப்பானவர் அல்ல. அவருக்கு நிறுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது: "விதியைப் பேணி வறுமையில் இருந்த பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா?"

அவர்களுக்கு எங்கள் மரியாதை. ஆனால் அவர்கள் வாங்காமல் விட்ட காசு எந்த ஏழைக்கும் போய்ச் சேரவில்லை. மேலே இருந்தவர்களிடம்தான் போனது. அவர்களுக்காகக் கோபப்பட வேண்டுமென்றால், அந்தக் கோபம் ஜேர்சி விற்றவன் மேல் அல்ல, அங்கே போகட்டும்.

நாங்கள் ஒன்றை மறுக்கவில்லை. விதி இருந்தால் விளைவும் இருக்கும். வேகக் கட்டுப்பாட்டை மீறினால் தண்டப்பணம் கட்டத்தான் வேண்டும், பிறகு அந்த எல்லையை உயர்த்தினாலும் சரி. ஆனால் தண்டப்பணம் கட்டியவனைக் கள்ளன் என்று ஊர் சொல்வதில்லை. ஒரு போட்டியில் உட்கார வைப்பது வேறு. ஒரு பிள்ளையின் குணத்துக்கே தீர்ப்பெழுதுவது வேறு.

விதியை மட்டும் பார்த்து மனிதனை எடைபோட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜிம் தோர்ப் போதும். அமெரிக்கப் பழங்குடி மாணவர். 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். அதற்கு முன் விடுமுறைக் காலத்தில் வட கரோலினாவில் சொற்பக் காசுக்கு பேஸ்போல் ஆடியிருந்தார். அதைக் காரணம் காட்டி 1913இல் பதக்கங்களைப் பறித்தார்கள். அந்தக் காலத்தில் மாணவர்கள் பலர் பொய்ப் பெயரில் ஆடிக் காசு வாங்கினார்கள், தப்பினார்கள். தோர்ப் தன் சொந்தப் பெயரில் ஆடினார், மாட்டினார். 1953இல் இறந்தார். 1983இல்தான் பதக்கங்களின் பிரதிகள் அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டன. அவரே தனி வெற்றியாளர் என்று ஏற்க 2022 ஆயிற்று.

பெற்றோரே, இந்த விதி எந்த ஒழுக்கத்தைக் கற்பித்தது? பொய் சொன்னவனைக் காப்பாற்றி, உண்மையாக இருந்தவனைத் தண்டித்தது. இதையா எங்கள் பிள்ளைகளுக்கு நேர்மையின் பாடமாகச் சொல்லச் சொல்கிறீர்கள்?

2021 ஜூலை முதலாம் திகதியிலிருந்து அங்கே வீரர்கள் தங்கள் பெயராலும் உருவத்தாலும் உழைக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கப்பாட்டின்படி, 2016இலிருந்து ஆடியவர்களுக்குச் சுமார் 2.8 பில்லியன் டொலர் வழங்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களும் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். நேற்றுவரை கேவலம் என்று சொல்லப்பட்டது இன்று கொந்தராத்து. உண்மையான களவு ஒரு திகதியோடு ஹலாலாகுமா? ஆகாது. அப்படியென்றால் அது முன்பும் களவாக இருந்ததில்லை.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அகில இலங்கை மட்டத்தில் ஒரு பிள்ளை வென்று வந்தால் சந்தியில் பெனர் கட்டுகிறோம். பெனரில் பெரிய முகம் யாருடையது, சின்ன முகம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஓடிய பிள்ளையின் சப்பாத்து யாரிடம் இரவல் வாங்கியது என்று கேட்பவர் குறைவு. நாளை அந்தப் பிள்ளை வெளியூர்க் கழகம் ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு விளையாடிவிட்டு வந்தால், அவன் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச மட்டும் நமக்கு நேரம் இருக்கும்.

விதியை மதிக்க நாங்கள் தொடர்ந்து கற்பிப்போம். கூடவே மூன்று கேள்விகளையும் கற்பிப்போம். இந்த விதியை ஆக்கியவர் யார்? இதனால் இலாபம் அடைபவர் யார்? மீறியவன் யாருடைய உரிமையைப் பறித்தான்? இந்த மூன்றையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லும் பிள்ளை வளர்ந்து எந்தப் பள்ளி நிர்வாகத்தில் இருந்தாலும், எந்த அலுவலகத்தில் இருந்தாலும், பலமானவனுக்கு வசதியாகத்தான் இருப்பான்.

எங்கள் கருத்தில் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். குரல் பதிவு வேண்டாம். வாதம் வேண்டும்.