ஐகான் வரிசையை ஒருமுறை அமைத்தால் போதும்

சொந்தமாக ஓர் இணைய தளம் அமைப்பது இன்று கடினமான வேலை அல்ல. கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே தங்கள் கடைக்கோ, நடனப் பள்ளிக்கோ, குடியிருப்போர் சங்கத்திற்கோ ஒரு தளத்தைப் பலர் உருவாக்கிவிடுகின்றனர். முகப்புப் பக்கம் தயாரானவுடன் அவர்கள் அடுத்துத் தேடுவது பேஸ்புக், யு-ட்யூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் சிறிய ஐகான்களைத்தான். எங்கிருந்தாவது அவற்றைக் காப்பி செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் பேஸ்ட் செய்துவிடுகின்றனர்.

இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. ஐகான் வரிசையை ஒரே ஓர் இடத்தில் அமைத்துவிட்டு, எல்லாப் பக்கங்களும் அங்கிருந்து அதனைப் பெறும்படி செய்திட வேண்டும். அந்த வரிசை நம்முடைய சொந்த பைலாகவும் இருக்க வேண்டும். வேறொரு நிறுவனம் தரும் புரோகிராமாக இருக்கக் கூடாது. ஐந்து சிறிய படங்களுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். காரணங்களைப் பார்ப்போம்.

பெயரும் படமும் மாறும்

சமூக வலைத் தளங்கள் நிலையானவை என்ற எண்ணத்தில்தான் நாம் அவற்றின் ஐகான்களைத் தளத்தில் பதிக்கிறோம். கடந்த கால அனுபவம் அப்படி இல்லை. 2004ல் தொடங்கப்பட்டு இந்தியாவில் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்த ஆர்குட், 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 2011ல் வந்த கூகுள் ப்ளஸ், தனி நபர்களுக்கான சேவையை 2019 ஏப்ரலில் நிறுத்திக் கொண்டது. டிக்டாக் செயலிக்கு இந்திய அரசு 2020 ஜூன் 29ல் தடை விதித்தது. 2006 முதல் இருந்து வந்த ட்விட்டர், 2023 ஜூலையில் எக்ஸ் எனப் பெயர் மாறியது. நீலப் பறவை போய், கறுப்பு வெள்ளையில் ஓர் எழுத்து வந்தது. 2024 மே மாதத்தில் அதன் இணைய முகவரியும் மாறியது.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும், உலகெங்கும் உள்ள தளங்களில் ஐகான்களை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாதவர்களும் உண்டு. இன்றும் சில தளங்களின் உட்பக்கங்களில் நீலப் பறவையைக் காணலாம். படம் பழையதாக இருப்பது பெரிய குற்றம் அல்ல. ஆனால் அந்தப் படம் எங்கே கொண்டு செல்கிறது என்பது முக்கியம். நாம் மூடிவிட்ட கணக்கின் பெயரை வேறொருவர் எடுத்துக் கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படி நேர்ந்தால், நம் தளத்தை நம்பி ஐகானில் கிளிக் செய்திடும் வாடிக்கையாளர், முன்பின் தெரியாத ஒருவரின் பக்கத்தில் போய் நிற்பார். அவர் நம் பெயரில் பணம் கேட்டாலும் வாடிக்கையாளர் நம்பிவிடுவார். ஏனென்றால் வழி காட்டியது நம் தளம்.

ரப்பர் ஸ்டாம்ப்பும் தண்ணீர்த் தொட்டியும்

ஒரு தளத்தில் 14 பக்கங்கள் உள்ளன; ஒவ்வொன்றிலும் ஐந்து ஐகான்கள் என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 70 லிங்க்குகள். இன்ஸ்டாகிராம் பெயரை மாற்றினால், 14 பக்கங்களையும் திறந்து, திருத்தி, மீண்டும் அப்லோட் செய்திட வேண்டும். பத்து பக்கங்களைத் திருத்திய பின் யாராவது அழைப்பு மணியை அடித்தால், மீதி நான்கு அப்படியே நின்றுவிடும்.

காப்பி - பேஸ்ட் என்பது ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போன்றது. குத்திய தாள்கள் அனைத்தும் தனித்தனி. ஸ்டாம்ப்பில் உள்ள எழுத்தைப் பின்னர் மாற்றினாலும், ஏற்கனவே குத்திய தாள்கள் மாறாது. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி அப்படி அல்ல. குழாய்கள் பல இருந்தாலும் தொட்டி ஒன்றுதான். தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டால் எல்லாக் குழாய்களிலும் நல்ல தண்ணீர் வரும். இணைய தள வடிவமைப்பில் இந்தத் தொட்டியைத்தான் காம்பொனென்ட் என்கின்றனர். ஒருமுறை எழுதி, தேவைப்படும் இடங்களில் எல்லாம் அழைத்துக் கொள்ளும் பகுதி என்று இதற்குப் பொருள். இது பெரிய நிறுவனங்களின் புரோகிராமர்களுக்கு மட்டும் உரியது எனப் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். வீட்டில் இருந்தபடி தளம் அமைப்பவருக்கும் இது எளிதாகக் கிடைக்கிறது.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோருக்கு

வேர்ட்பிரஸ் தொகுப்பில் சோஷியல் ஐகான்ஸ் என்ற பிளாக், 2020 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. எடிட்டரில் கூட்டல் குறியில் கிளிக் செய்து, இந்தப் பெயரைத் தேடித் தேர்ந்தெடுக்கவும். உங்களுக்குத் தேவையான ஐகான்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் கிளிக் செய்து உங்கள் பக்கத்தின் முகவரியைத் தரவும். பலர் இத்துடன் நின்றுவிடுகின்றனர். ஆனால் அடுத்த படிதான் முக்கியமானது.

வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் மேலே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் கிரியேட் பேட்டர்ன் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு பெயர் கொடுக்கவும். சிங்க்டு என்ற ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்க வேண்டும். இனி எந்தப் பக்கத்திலும் அந்தப் பெயரைத் தேடி இதனைச் சேர்க்கலாம். மூல பேட்டர்னைத் திருத்தி சேவ் செய்தால், அது உள்ள எல்லாப் பக்கங்களிலும் மாற்றம் தெரியும். முன்பு ரீயூசபிள் பிளாக் என அழைக்கப்பட்ட இந்த வசதி, 2023 ஆகஸ்ட்டில் வந்த 6.3 பதிப்பில்தான் இந்தப் பெயரைப் பெற்றது. எனவே பழைய வழிகாட்டிகளில் வேறு பெயர் இருந்தால் குழப்பம் அடைய வேண்டாம்.

உங்கள் தீம், பிளாக் தீம் வகையைச் சேர்ந்தது என்றால் இன்னும் எளிது. பக்கத்தின் அடிப்பகுதியான புட்டரில் ஒருமுறை வைத்துவிட்டால், அந்தப் புட்டரைப் பயன்படுத்தும் பக்கங்கள் அனைத்திலும் அது தோன்றும்.

நோட்பேடில் எழுதுவோருக்கு

எச்.டி.எம்.எல். கற்றுக் கொண்டு, நோட்பேடில் பக்கங்களை எழுதுவோரும் இருக்கின்றனர். அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இன்க்ளூட் முறை. ஐகான் வரிசைக்கான எச்.டி.எம்.எல். வரிகளை மட்டும் தனி பைலாக சேவ் செய்திட வேண்டும். மற்ற பக்கங்களில், வரிசை வர வேண்டிய இடத்தில், அந்த பைலை அழைக்கும் ஒரே ஒரு வரி போதும். சர்வரில் பி.எச்.பி. இருந்தால் இது வேலை செய்திடும். பெரும்பாலான வெப் ஹோஸ்டிங் நிறுவனங்கள் இந்த வசதியைத் தருகின்றன. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவும். பைலை வீட்டுக் கம்ப்யூட்டரில் டபுள் கிளிக் செய்து திறந்தால் வரிசை தெரியாது. பக்கத்தை ஒன்றுசேர்த்துத் தருவது சர்வர் என்பதால், அதன் வழியாகப் பார்த்தால்தான் தெரியும்.

கஸ்டம் எலிமென்ட் என்ற மற்றொரு வழியும் உள்ளது. ஜாவா ஸ்கிரிப்ட் மூலம் நாமே ஒரு புதிய டேக் உருவாக்கலாம். இன்றைய முக்கிய பிரவுசர்கள் அனைத்தும் இதனைப் புரிந்து கொள்ளும். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் ஐகான்களும் வராது. சில லிங்க்குகளைக் காட்ட ஒரு ஸ்கிரிப்ட் ஓடித்தான் ஆக வேண்டும் என்ற நிலை தேவையற்றது என நான் கருதுகிறேன்.

படங்களுக்கு எஸ்.வி.ஜி. வகையைப் பயன்படுத்துங்கள். இது படத்தைப் புள்ளிகளாக அல்லாமல், கோடுகளாகவும் வளைவுகளாகவும் எழுதி வைக்கும் பைல். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. எளிய ஐகான் ஒன்று ஒரு கிலோபைட் அளவிலேயே முடிந்துவிடும். நான்கு ஐகான்களுக்காக ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட ஐகான் எழுத்துரு முழுவதையும் லோட் செய்வது, ஒரு காபிக்காகப் பால் பண்ணையையே வீட்டிற்கு அழைப்பது போன்றது.

இலவச பட்டன் உண்மையில் இலவசமா?

இதுவரை சொன்னது நம் வசதிக்காக. இனிச் சொல்வது நம் தளத்திற்கு வருபவர்களுக்காக. சில வரிகளைக் காப்பி செய்து ஒட்டினால் ஷேர் பட்டன்கள் தாமாக வந்துவிடும் எனச் சில சேவைகள் அழைக்கின்றன. இதுவும் ஒருமுறை எழுதி எங்கும் பயன்படுத்தும் முறைதான். ஆனால் தொட்டி நம் வீட்டு மாடியில் இல்லை. அடுத்தவர் வீட்டில் இருக்கிறது.

ஆட்திஸ் என்ற சேவையின் கதையைப் பாருங்கள். இலட்சக்கணக்கான தளங்கள் இதன் பட்டன்களை நம்பியிருந்தன. 2014ல் பிரின்ஸ்டன், லூவன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், முன்னணியில் இருந்த 1,00,000 தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்தனர். அவற்றில் ஐந்து சதவீதத்திற்கும் மேற்பட்டவற்றில், பிரவுசரை ஒரு மறைமுகப் படம் வரையச் சொல்லி, அதன் நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு கம்ப்யூட்டரை அடையாளம் காணும் உத்தி பயன்பட்டது தெரிய வந்தது. மிகப் பெரும்பாலான இடங்களில் அதனைச் செய்தது ஆட்திஸ் ஸ்கிரிப்ட். குக்கீகளை அழித்தாலும் இந்த உத்தியிலிருந்து தப்புவது கடினம். 2016ல் ஆரக்கிள் நிறுவனம் ஆட்திஸ்சை வாங்கியது. 2023 மே 31 அன்று சேவையை மூடியது. அதனை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

பேஸ்புக்கின் லைக் பட்டனும் பாடம் சொல்கிறது. 2010 முதல் மற்ற தளங்களிலும் வைக்கக் கிடைத்த இந்தப் பட்டன், யாரும் கிளிக் செய்யாவிட்டாலும், பக்கம் திறந்தவுடனேயே வந்தவரைப் பற்றிய தகவல்களை பேஸ்புக்கிற்கு அனுப்பியது. ஜெர்மனியின் பேஷன் ஐடி என்ற துணிக் கடைத் தளம் தொடர்பான வழக்கில், ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் 2019 ஜூலை 29ல் தீர்ப்பு வழங்கியது. தகவல்களைத் திரட்டி அனுப்புவதில், பட்டனை வைத்த தளத்திற்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அது ஐரோப்பியச் சட்டம். ஆனாலும் கேள்வி நமக்கும் பொருந்தும். நம் கடைக்கு வருபவரின் பெயரையும் அவர் பார்த்த பொருளையும் வாசலில் ஒருவர் குறித்துக் கொண்டிருந்தால், அவரை நிற்க விடுவோமா?

நம் சொந்த எஸ்.வி.ஜி. படமும் சாதாரண லிங்க்கும் இப்படிச் செய்வதில்லை. ஒருவர் கிளிக் செய்தால் மட்டுமே அவர் அந்தத் தளத்திற்குச் செல்வார். ஷேர் செய்திட விரும்புவோருக்கு, அவரின் மொபைல் பிரவுசரிலேயே ஷேர் வசதி இருக்கிறது. எத்தனை பேர் ஷேர் செய்தனர் என்ற எண்ணிக்கை வேண்டும் எனச் சிலர் வாதிடுகின்றனர். அந்த எண்ணிக்கையும் அடுத்தவர் கையில் இருப்பதே. ட்விட்டர் தன் பட்டனிலிருந்து அதனை 2015 நவம்பரில் எடுத்துவிட்டது.

எல்லோருக்கும் தெரிய வேண்டும்

ஐகான் என்பது கண்ணால் பார்ப்பவருக்குத்தான் ஐகான். பார்வையற்றோர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் புரோகிராமைப் பயன்படுத்துகின்றனர். பெயர் தரப்படாத ஐகானை அது வெறுமனே லிங்க், லிங்க், லிங்க் என வாசிக்கும். எது யு-ட்யூப், எது வாட்ஸ்அப் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனவே ஒவ்வொரு லிங்க்கிற்கும் பெயர் தர வேண்டும். விண்டோஸ் கீயையும் கண்ட்ரோல் கீயையும் அழுத்திக் கொண்டு என்டர் தட்டினால், நேரேட்டர் புரோகிராம் இயங்கும். டேப் கீயைத் தட்டித் தட்டி உங்கள் ஐகான்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் 2023 அக்டோபர் வழிகாட்டி, கிளிக் செய்யும் இடம் பொதுவாக 24க்கு 24 பிக்ஸலாவது இருக்க வேண்டும் என்கிறது. வயதானவர்களின் விரல்களை நினைத்து, இன்னும் சற்றுப் பெரிதாகவே வைக்கலாம்.

14 பக்கங்களில் 70 பெயர்கள் தருவது சலிப்பூட்டும். ஒரே இடத்தில் ஐந்து பெயர்கள் தருவது ஐந்து நிமிட வேலை. காம்பொனென்ட் முறையை நான் வலியுறுத்த இதுவும் ஒரு காரணம். எளிதாக இருந்தால்தான் சரியானதைச் செய்வோம்.

எச்சரிக்கையும் தேவை

இந்த முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. தொட்டியில் விழுந்த அழுக்கு எல்லாக் குழாய்களிலும் வரும். முகவரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால், தளம் முழுவதும் அந்த லிங்க் கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னரும், இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்து எல்லா ஐகான்களையும் கிளிக் செய்து பார்க்க வேண்டும். அதே நேரத்தில், பிழை தெரிந்தவுடன் ஒரே இடத்தில் சரி செய்துவிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

வரிசையில் எத்தனை ஐகான்கள் இருக்கலாம்? யாராவது செய்தி அனுப்பினால் நீங்கள் பதில் சொல்லும் இடங்கள் எத்தனையோ, அத்தனை போதும். ஆறு மாதமாக நீங்கள் எட்டிப் பார்க்காத கணக்கிற்கு ஐகான் வேண்டாம். வாட்ஸ்அப் லிங்க்கில் எண் வெளிப்படையாகத் தெரியும் என்பதால், குடும்பத்தினர் பயன்படுத்தும் எண்ணைத் தராமல், தொழிலுக்கென்று தனி எண் வைத்துக் கொள்வது நல்லது.

இந்த வார விடுமுறையில் உங்கள் தளத்தைத் திறந்து, ஐகான்கள் எத்தனை பக்கங்களில் தனித்தனியாக ஒட்டப்பட்டுள்ளன என எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், அவற்றை நீக்கிவிட்டு ஒரே வரிசையாக அமைத்திடுங்கள். அடுத்து எந்தத் தளம் பெயர் மாறினாலும், மூடப்பட்டாலும், உங்களுக்கு ஒரே ஒரு திருத்தம்தான்.