நாலே நாலு பறவையும் வாராக்கடனும்

எங்கள் வங்கித் தொழிலில் வாராக்கடன் என்று ஒன்று உண்டு. இனி வசூலாகாது என்று தெரிந்தால் 'ரைட் ஆஃப்' எழுதிவிட்டு அடுத்த ஃபைலை எடுப்போம். என்னைக் கேட்டால், உயிரினங்கள் விஷயத்தில் இந்த வங்கி புத்தி உதவாது. அதற்கு மொரீசியஸ் தீவின் வல்லூறே சாட்சி.

மொரீசியஸ் நமக்கு அந்நியமில்லை. அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழும் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்ப் பறவை என்றால் அழிந்துபோன டோடோதான் ஞாபகம் வரும். இந்தச் சின்ன வல்லூறும் அதே வழியில்தான் போனது. 1974-ல் காட்டில் இருந்ததாகத் தெரிந்தவை வெறும் 4.

பருந்து மாதிரி வானத்தில் வட்டமடிக்கிற ஜாதி இல்லை இது. இறக்கை குட்டை. மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பறந்து, கிளையில் இருக்கும் பச்சைப் பல்லியைப் பிடிக்கும். பாறைப் பொந்தில் முட்டையிடும். இப்படிப்பட்ட பறவைக்குக் காடுதான் முதல். கரும்புக்காக அந்தக் காட்டை வெட்டினார்கள். மலேரியா கொசுவுக்கு டிடிடி அடித்தார்கள். எலியை ஒழிக்கக் கொண்டுவந்த கீரி, குஞ்சுகளையும் விட்டுவைக்கவில்லை.

1979-ல் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் போய்ச் சேர்ந்தார். திட்டத்தை மூடிவிட்டு வரச்சொல்லித்தான் அனுப்பினார்களாம். அவர் மூடவில்லை. கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்க வைத்தார். பறவை மறுபடியும் முட்டையிட்டது. 1990களின் நடுவுக்குள் 300க்கும் மேற்பட்ட பறவைகளைக் காட்டில் விட்டாயிற்று!

இதோடு முடித்தால் நல்ல சினிமா. ஆனால் 1994-ல் ஆபத்துப் பட்டியலில் ஒருபடி இறக்கப்பட்ட பறவை, 2014-ல் பழையபடி மேலே ஏறிவிட்டது. காரணம், தீவில் தரமான காடு 2 சதவீதம்கூட மிச்சமில்லை. பறவையைப் பெருக்கிவிட்டோம், அது குடியிருக்க இடம்? கணக்கு ஒழுங்காகிவிட்டது என்று ஃபாலோ-அப்பை விட்டால் மறுபடி வாராக்கடன்தான். இதை எந்த மேனேஜரும் சொல்வார்.

நான் பிழைக்க வந்த ராஜஸ்தானில் இதே கதை கானமயிலுக்கு நடக்கிறது. மொத்தம் 200கூட இல்லை. ஜெய்சல்மேர் பக்கம் 2019 முதல் முட்டை எடுத்துப் பொரிக்கிறார்கள். "இதுக்கு எதுக்குங்க இவ்வளவு செலவு?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நாலு பறவையிலிருந்து ஒரு இனமே மீண்டிருக்கிறது. குஞ்சுக்குக் கொடுக்கிற காசில் பாதியாவது புல்வெளிக்கும் கொடுங்கள். ரைட் ஆஃப் மட்டும் எழுதாதீர்கள்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?