இன்ஸ்டால் ஆகவில்லையா? அனாமத்தில் தள்ளாதீர்கள்!

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு அனாமத்துக் கணக்கு தெரியாமல் இருக்காது. இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்பார்கள். தவறைக் கண்டுபிடிக்கும் வரைதான் அதற்கு ஆயுள். கண்டுபிடிக்காமலே விட்டால்? பார்வைக்கு எல்லாம் சமமாக இருக்கும். தவறு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

லினக்ஸ் சர்வரில் ஒரு மென்பொருள் இன்ஸ்டால் ஆகாதபோது பலர் செய்வதும் இதைத்தான்!

லினக்ஸில் மென்பொருள் பேக்கேஜ்களாக, அதாவது பொதிகளாக வரும். தனக்கு வேறு எந்தெந்தப் பொதிகள் தேவை என்று ஒவ்வொரு பொதியும் பட்டியல் வைத்திருக்கும். யம், ஆப்ட் போன்ற கருவிகள் அந்தப் பட்டியலைச் சரிபார்த்து, ஏதாவது எங்கும் கிடைக்காவிட்டால் இன்ஸ்டால் செய்ய மறுத்துவிடும். உடனே நமக்குக் கோபம் வரும். இணையத்தில் தேடி, "கட்டாயமாக நிறுவு", "கையெழுத்தைச் சரிபார்க்காதே" என்கிற கட்டளைகளை எடுத்து ஒட்டுவோம். கையெழுத்தைப் பார்க்காமல் காசோலைக்குப் பணம் கொடுக்கும் கேஷியரை வங்கி வேலையில் வைத்திருக்குமா?

ஓர் உதாரணம். கோட்டுச்சேரியில் ஒருவர் தன் கடைக்கு இணையதளம் வைத்திருக்கிறார், சர்வரில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7 என்று வைத்துக்கொள்வோம். அமைப்பை மாற்றாமல் இன்று அதில் யம் ஓட்டினால், மிரர் பட்டியல் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிழைச்செய்தி வரும். நெட் கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அதே சர்வரிலிருந்து வேறு தளங்களுக்குப் போக முடிகிறது என்றால், கோளாறு நெட்டில் இல்லை.

உண்மைக் காரணம் வேறு. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்த மிரர் முகவரியே எடுக்கப்பட்டது. பொதிகள் வால்ட் என்கிற பழைய சேமிப்பிடத்துக்குப் போய்விட்டன. அமைப்புக் கோப்பில் வால்ட் முகவரியை எழுதினால் இன்ஸ்டால் ஆகிவிடும். பலர் இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று போய்விடுகிறார்கள்.

தீரவில்லை நண்பர்களே! வால்ட்டில் புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. அதுவும் ஓர் அனாமத்துப் பதிவுதான். கடை மூடிக் கிடக்கிறதே, வாடிக்கையாளர் காத்திருக்கிறாரே என்று அவசரத்துக்குச் செய்வதில் தப்பில்லை. ஆனால் எந்தத் தேதிக்குள் புதிய இயங்குதளத்துக்கு மாறுவோம் என்று அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். மாறுவதற்கு இடமா இல்லை? சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 முடிவிலேயே நிறுத்தப் போவதாக 2020 டிசம்பரில் அறிவித்தபோது, அதற்கு மாற்றாகப் பிறந்தவைதான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். இரண்டும் இலவசம்.

எச்சரிக்கையைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2021-ல் யூட்யூபர் லினஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் மென்பொருளை நிறுவப் போனார். முக்கியமான பொதிகள் நீக்கப்படும் என்று ஆப்ட் எச்சரித்தது. சம்மதம் என்று ஒரு முழு வாக்கியத்தையே தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார். திரையில் டெஸ்க்டாப்பே காணாமல் போனது! மூலக் கோளாறு அந்தப் பொதியில்தான். ஆனாலும் கருவி முன்கூட்டியே சொல்லிவிட்டது.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். கடைசி வரியில் "தோல்வி" என்று மட்டும்தான் இருக்கும், காரணம் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். முதல் பிழையைப் படியுங்கள். வட்டில் இடம் இருக்கிறதா? சர்வரின் தேதியும் நேரமும் சரியா? ஆப்ட் பூட்டப்பட்டிருந்தால் பூட்டுக் கோப்பை அழிக்காதீர்கள், பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம். சற்றுப் பொறுங்கள். இதெல்லாம் சரியென்றால், பொதிகள் வரும் முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

"வேலை நடந்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. சர்வர் உடைக்கப்பட்டால் நஷ்டம் கடைக்காரருக்கு மட்டுமில்லை. அவரை நம்பிப் பெயரும் முகவரியும் போன் நம்பரும் கொடுத்த வாடிக்கையாளருக்கும்தான். அந்த நஷ்டத்தை எந்த அனாமத்துக் கணக்கில் எழுதுவது?